திறப்புக்கும் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும்

மலையகத்தில் பழைய துரை பங்களா ஒன்று கைமாறும்போதோ ஹோட்டலாக மாறும்போதோ, எங்காவது ஒரு மேசை லாச்சியிலிருந்து பிஸ்கட் டின் ஒன்று வெளியே வரும். உள்ளே துருப்பிடித்த திறப்புகள் கிடக்கும். எந்தப் பூட்டுக்கு எது என்று சொல்ல ஆள் இருக்காது. சில நாட்களில் அவை கண்டியிலோ நுவரெலியாவிலோ பழம்பொருள் கடைக்குப் போகும், அல்லது பேஸ்புக்கில் படமாக ஏறும். "ராஜா காலத்துச் சாவி" என்று ஒருவர் எழுதுவார். "அலுமாரிச் சாவி, பத்து ரூபாய் பெறாது" என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டு பேருமே பெரும்பாலும் பார்ப்பது திறப்பின் அளவையும் தலையில் உள்ள வேலைப்பாட்டையும்தான். மாடு வாங்கப் போகிறவர் கொம்பைப் பார்த்து வயது சொல்வதில்லை, பல்லைத்தான் பார்ப்பார். திறப்புக்கும் அதே கணக்கு.

முதலில் பெயர்கள்

இலங்கையில் நாம் திறப்பு என்கிறோம். தோட்டத்தில் சாவி என்றும் சொல்வார்கள். சாவி என்பது போர்த்துக்கேயரின் 'ஷாவ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அலுமாரியும் ஜன்னலும் அவர்கள் விட்டுப்போனவைதான். அதற்கு முன்பே நம்மிடம் இருந்த சொல் திறவுகோல். கோல் என்றால் தடி. கைக்குள் அடங்கும் சின்னப் பொருளுக்கு யாரும் கோல் என்று பெயர் வைக்க மாட்டார்கள். கதவுக்குள் விட்டுத் தாழைத் தள்ளும் நீண்ட கம்பியாக அது இருந்த காலத்தின் நினைவு அந்தச் சொல்லில் தங்கியிருக்கிறது. தொங்கு பூட்டுக்கு ஆமைப்பூட்டு என்று பெயர். சிங்களத்தில் அதற்குச் சொல்லும் 'இபி யதுர'விலும் இருப்பது ஆமைதான். இரண்டு மொழிக்காரரும் அந்தப் பூட்டில் ஒரே பிராணியைப் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு பழைய திறப்பில் மூன்று பாகம் உண்டு. விரலால் பிடிக்கும் வளையம் தலை. நடுவில் நீளும் கம்பி தண்டு. தண்டின் நுனியில் கொடி போலப் பக்கவாட்டில் நீட்டி நிற்பது பல். தலை அழகுக்கும் பிடிக்கும். பூட்டோடு பேசுவது பல் மட்டும்தான்.

பல் என்ன சொல்கிறது

பல்லை வாசிக்கப் பூட்டுக்குள் நடப்பது கொஞ்சம் தெரிய வேண்டும்.

1. தடுப்புப் பூட்டு. இதுதான் பழையது. பூட்டின் உள்ளே வட்ட வட்டமாகத் தகடுகள் நிற்கும். திறப்பு சுழலும்போது அவற்றில் முட்டாமல் போக வேண்டும். அதற்காகப் பல்லின் பக்கங்களில் காடி, அதாவது பள்ளம், வெட்டியிருப்பார்கள். கோயில் கோபுர வரைபடம் போலச் சிக்கலாக வெட்டிய பல்லைக் கண்டால் பலரும் வாய் பிளப்பார்கள். உண்மையில் பலவீனமான பூட்டு அதுதான். தடுப்புகளில் முட்டும் பகுதியையெல்லாம் அராவி எடுத்துவிட்டு, நுனியில் தாழைத் தள்ளும் துண்டை மட்டும் விட்டுவைத்தால் போதும், அந்த வகைப் பூட்டுகள் பலதையும் அது திறந்துவிடும். கள்ளச்சாவி என்று நாம் சொல்வதன் ஆதி வடிவம் இது. ஆகவே டின்னுக்குள் பல் மிக மெலிந்து, வெறும் கொக்கி போல ஒரு திறப்பு கிடந்தால் அதை உடைந்தது என்று தூக்கிப் போட வேண்டாம். யாரோ வேண்டுமென்றே அராவியதாக இருக்கலாம்.

2. லீவர் பூட்டு. உள்ளே தகடுகள் சுருள்வில்லின் அழுத்தத்தில் படுத்திருக்கும். ஒவ்வொன்றையும் அதற்குரிய உயரத்துக்குச் சரியாகத் தூக்கினால்தான் தாழ் நகரும். குறைந்தாலும் நகராது, கூடினாலும் நகராது. இப்படி இரு பக்கமும் கட்டுப்படும் பூட்டுக்கு 1778இல் இங்கிலாந்தில் ரொபர்ட் பாரன் காப்புரிமை பெற்றார். இதன் திறப்பில் பல்லின் வெளி ஓரம் படிக்கட்டு போல ஏறி இறங்கியிருக்கும். பக்கத்தில் காடி இருந்தால் தடுப்பு, ஓரத்தில் படி இருந்தால் லீவர். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலே பாதி டின்னைப் பிரித்துவிடலாம்.

3. ஊசிப் பூட்டு. இன்று நம் பையில் கிடக்கும் தட்டைத் திறப்பு. அமெரிக்கரான லைனஸ் யேல் 1861இலும் 1865இலும் பெற்ற காப்புரிமைகளிலிருந்து வந்தது. தத்துவம் புதிதல்ல. பழைய எகிப்தின் மரப்பூட்டு இதே முறையில்தான் வேலை செய்தது. அதன் திறப்பு பெரிய பல்துலக்கும் பிரஷ் மாதிரி இருக்கும்.

அப்புறம் தண்டின் நுனியைப் பாருங்கள். ஓட்டை இல்லாமல் கெட்டியாக இருந்தால் அநேகமாகக் கதவுத் திறப்பு. அறைக் கதவை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க வேண்டும். அதனால் பல்லின் படிகள் நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே மாதிரி அமைந்திருக்கும். தண்டு குழாயாக இருந்தால் பூட்டுக்குள் ஒரு ஊசி நிற்கும், குழாய் அதில் போய் உட்காரும். பெட்டி, அலுமாரி, மேசை லாச்சி என்று ஒரு பக்கத்திலிருந்து மட்டும் திறக்கும் சாமான்களுக்கே பெரும்பாலும் இது வரும். தண்டைப் பார்த்தே கதவா பெட்டியா என்று சொல்லிவிடலாம் என்பது இதனால்தான்.

பங்களாவிலிருந்து வரும் விசித்திரங்கள்

தோட்ட லயத்தின் 10 அடிக்கு 12 அடி அறைக்கு ஒரு ஆமைப்பூட்டு போதும். பலருக்கு அதுவும் இருந்ததில்லை. பங்களாவிலோ அலுமாரி, சரக்கறை, மதுப்பெட்டி, எழுத்துப்பெட்டி, இரும்புப்பெட்டி, கடிகாரம் என்று எல்லாவற்றுக்கும் திறப்பு. வீட்டுக்குள் வேலைக்காரர் நடமாடுவது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குத் திறப்பும் கூடும். டின்கள் பங்களாக்களிலிருந்து வருவதன் காரணம் அதுதான். 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பூட்டு மாறும், தளபாடம் வெளியேறும். சின்னத் திறப்புகளைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, அவை டின்னில் தங்கிவிடும்.

இந்த டின்களில் என்னைக் கேட்டால் மிகச் சுவையானது தேயிலைப் பெட்டித் திறப்பு. விரல் அளவுகூட இருக்காது, குழாய்த் தண்டு, சின்னப் பல். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தேயிலை சீனாவிலிருந்து கப்பலில் வரும் ஆடம்பரப் பொருள். 1784இல் குறைக்கப்படும் வரை அதன்மீது 119 சதவீத வரி இருந்தது. அந்த ஆண்டுதான் அது 12.5 சதவீதத்துக்கு இறங்கியது. அவ்வளவு விலையுள்ள பொருளைச் சமையலறையில் விட யாருக்கும் மனம் வரவில்லை. பூட்டுப் போட்ட மரப்பெட்டியில் தேயிலை வரவேற்பறையில் இருக்கும், திறப்பு வீட்டம்மாவின் இடுப்பில் இருக்கும்.

பிறகு நடந்ததில் நம் மலைகளுக்கும் பங்கு உண்டு. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது, அடுத்த சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலைக்கு மாறின. 1873இல் லண்டனுக்குப் போன இலங்கைத் தேயிலை வெறும் 23 இறாத்தல். 1890இல் தோமஸ் லிப்டன் இங்கே தோட்டங்கள் வாங்கிப் பொதியாகக் கட்டி விற்கத் தொடங்கிய காலத்தில், தேயிலை இங்கிலாந்தின் கூலித் தொழிலாளியும் குடிக்கும் பானமாகிக்கொண்டிருந்தது. அசாமும் இலங்கையும் சேர்ந்து விலையை இறக்கிவிட்டன. மலிந்த சாமானுக்கு எதற்குப் பூட்டு? பெட்டி அலங்காரத்துக்கு நின்றது, திறப்பு தொலைந்தது. இந்த மலையில் பறித்த கொழுந்து அந்தத் திறப்பை வேலையில்லாமல் ஆக்கியதில் ஒரு கை கொடுத்தது. அதே வகைத் திறப்பு ஒன்று தேயிலைத் தோட்டத்துப் பங்களா லாச்சியிலேயே கிடைத்தால் அது சீமையிலிருந்து துரைசானி கொண்டுவந்த குடும்பச் சாமானாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மதுவுக்கும் இதே கதை, ஆனால் அங்கே பூட்டு வேலையை விடவில்லை. டான்டலஸ் என்று ஒரு சாமான் உண்டு. இரண்டு மூன்று கண்ணாடிக் குப்பிகளை ஒரு மரச்சட்டத்தில் நிறுத்தி, மேலே ஒரு கம்பியைப் போட்டுப் பூட்டிவிடுவார்கள். சாராயம் கண்ணுக்குத் தெரியும், ஊற்ற முடியாது. 1881இல் லண்டனில் ஜோர்ஜ் பெட்ஜமன் காப்புரிமை பெற்றது. சமையல்கார அப்புவை நம்பாத துரைக்கென்றே செய்தது போல இருக்கும். அப்படிப்பட்ட நல்ல பெட்டிகளில் வரும் திறப்புக்குப் பல்லே இல்லாமல் இருப்பதும் உண்டு. ஒரு சின்னக் குழாய், அதன் வாயைச் சுற்றி வெவ்வேறு ஆழத்தில் கீறல்கள், அவ்வளவுதான். பல் உடைந்து போனது என்று நினைத்துப் பலர் எறிந்துவிடும் திறப்பு இது.

அது பிராமா திறப்பு. ஜோசப் பிராமா 1784இல் காப்புரிமை பெற்ற பூட்டு. குழாயை உள்ளே அழுத்தும்போது ஒவ்வொரு கீறலும் ஒரு தகட்டைத் தனக்குரிய ஆழத்துக்குத் தள்ளும். எல்லாம் ஒழுங்குக்கு வந்தால்தான் சுழலும். இந்தப் பூட்டை வேறு கருவியால் திறப்பவருக்கு 200 கினி (அந்தக் கால ஆங்கிலப் பணம்) தருவதாக லண்டன் பிக்கடிலியில் கடை ஜன்னலிலேயே சவால் பலகை வைத்திருந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் வெல்லவில்லை. 1851இல் உலகக் கண்காட்சிக்கு வந்த ஏ. சி. ஹொப்ஸ் என்ற அமெரிக்கர் திறந்துவிட்டார். 16 நாட்களில் பிரித்துச் செய்த வேலை, மொத்தம் 51 மணித்தியாலம். கள்ளன் ஒருவனுக்கு அவ்வளவு நேரம் எந்த வீட்டிலும் கிடைக்காது என்று பிராமாவின் ஆதரவாளர்கள் சொல்லிக்கொண்டார்கள். அதுவும் நியாயம்தான்.

இரும்புப்பெட்டித் திறப்பு வேறு சாதி. தோட்டத்தில் சம்பளம் காசாகவே கொடுக்கப்பட்டதால் அலுவலகத்தில் கனமான பெட்டி ஒன்று இருக்கும். அதன் திறப்பில் தண்டின் இரு பக்கமும் பல் நீட்டியிருக்கலாம், பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி. தண்டு நடுவில் மடியும் திறப்பும் உண்டு. கோட்டுப் பையில் குத்தாமல் இருக்கச் செய்தது, உடைந்ததல்ல.

1818இல் ஜெரமையா சப் கொண்டுவந்த பூட்டு இன்னும் ஒரு படி மேலே போனது. பிழையான திறப்பால் தகடு ஒன்று அளவுக்கு மேல் தூக்கப்பட்டால் பூட்டு அப்படியே இறுகிவிடும். உடையவர் அடுத்த முறை திறக்க வரும்போது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இறுகிய பூட்டைச் சரிக்கட்ட ஆரம்பத்தில் தனியாக ஒரு திறப்பு இருந்தது. 1824இல் சொந்தத் திறப்பையே எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்ய வழி வந்தது. ஆகவே அந்தத் தனித் திறப்புக்குச் சில ஆண்டு ஆயுள்தான். அது எதையும் திறக்காது, கோபித்துக்கொண்ட பூட்டைச் சமாதானப்படுத்த மட்டும் செய்தது.

எதையும் திறக்காத திறப்புகள்

கடிகாரத் திறப்பு எல்லோருக்கும் தெரியும். நுனியில் சதுர ஓட்டை, பல் கிடையாது. சுருள்வில்லை முறுக்குவது அதன் வேலை. மின்கலக் கடிகாரம் வந்த பிறகும் "சாவி கொடுத்த பொம்மை மாதிரி" என்று பேச்சில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ரயில் பெட்டிகளின் கதவுக்கும் சதுர ஓட்டைத் திறப்பு வரும் என்பதால் இரண்டையும் குழப்பாதீர்கள். ரயிலுடையது தடித்தது, டி வடிவப் பிடி கொண்டது.

காவல்காரர் திறப்பு அபூர்வம். தட்டையான உலோகத் துண்டு, நுனியில் ஒரு எழுத்தோ இலக்கமோ மேலெழும்பி நிற்கும், தலையில் சங்கிலி. ஜெர்மனியில் ஷ்வென்னிங்கன் நகரின் யோஹான்னஸ் பூர்க் 1855இல் கையோடு எடுத்துச் செல்லும் காவல் கடிகாரத்தை உருவாக்கினார். பெக்டரி போல இரவில் சுற்றி வர வேண்டிய கட்டடத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு திறப்பைச் சங்கிலியால் கட்டிவிடுவார்கள். காவல்காரர் தோளில் கடிகாரத்தைப் போட்டுக்கொண்டு போய், அந்தந்த இடத்துத் திறப்பை அதில் செருகித் திருக வேண்டும். உள்ளே உள்ள கடதாசியில் நேரத்தோடு அடையாளம் விழும். காலையில் கடதாசியைப் பார்த்தால் எத்தனை மணிக்கு எந்த மூலையில் நின்றார், எந்த மூலைக்குப் போகாமல் தூங்கினார் என்று தெரியும். பூட்டியிருந்தது கதவை அல்ல, காவல்காரரைத்தான்.

ரயில் பாதையின் டேப்லட்டையும் நான் இந்த வரிசையில் வைப்பேன். பார்க்க அது திறப்பே அல்ல, உலோக வட்டத்தட்டு. ஆனால் செய்யும் வேலை திறப்பு வேலைதான். கொழும்பிலிருந்து வரும் பாதை றம்புக்கணைக்கு மேலே ஒற்றைப் பாதையாகிவிடுகிறது. 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை என்று தண்டவாளம் ஏறியது. மேலே போகிற ரயிலும் கீழே வருகிற ரயிலும் ஒரே தண்டவாளத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை 1874இல் இங்கிலாந்தின் தோர்ப் விபத்து காட்டியது. அதன் பிறகு எட்வர்ட் டையர் 1878இல் கொண்டுவந்த முறை இது:

1. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேசன்களிலும் கம்பியால் இணைத்த ஒவ்வொரு பெட்டி. இரண்டிலும் தட்டுகள்.
2. ஒரு பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுக்க மறு ஸ்டேசன்காரர் தன் பக்கத்திலிருந்து சம்மதம் அனுப்ப வேண்டும்.
3. ஒன்று வெளியே வந்ததும் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தட்டு ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பிப் போகும் வரை இன்னொன்று வராது.
4. தட்டு கையில் இல்லாமல் சாரதி அந்தத் துண்டுப் பாதைக்குள் இறங்கக் கூடாது.

ஹட்டன் பக்கம் ரயில் ஓடும்போதே பெரிய வளையம் மாட்டிய தோல் பையை ஸ்டேசன் ஊழியரும் ரயிலில் இருப்பவரும் கைமாற்றிக்கொள்வதைச் சுற்றுலாக்காரர் படமெடுப்பார்கள். அந்தப் பைக்குள் இருப்பது இதுதான். பழம்பொருள் கடையில் இப்படி ஒரு தட்டு கண்ணில் பட்டால், அது எப்படி அங்கே வந்தது என்று முதலில் கேளுங்கள்.

ஒரு பூட்டு, பல திறப்பு

ஒரே பூட்டுக்கு இரண்டு மூன்று திறப்பு வேண்டும் என்றால் அது மறதிக்கான ஏற்பாடு அல்ல. யாரும் தனியாகத் திறக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. வங்கிப் பெட்டகத்தில் வாடிக்கையாளர் திறப்பும் வங்கித் திறப்பும் சேர்ந்து வேலை செய்வது போல. மலையகத்தில் இதற்குப் பெரிய உதாரணம் கண்டி தலதா மாளிகை. தந்ததாது இருக்கும் பேழையின் திறப்புகள் மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்கர்கள், மாளிகையின் நிர்வாகப் பொறுப்பாளரான தியவடன நிலமே என்ற மூவரின் பொறுப்பில் இருக்கின்றன. 1815இல் கண்டி வீழ்ந்த பின் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்தப் பொறுப்பு பிரித்தானிய அதிகாரிகளிடம் இருந்தது. கிறிஸ்தவ அரசு ஒன்று புத்த சின்னத்தின் திறப்பை வைத்திருக்கலாமா என்று இங்கிலாந்துப் பாதிரிமாரே சண்டை பிடித்தார்கள். சின்னதொரு இரும்புத் துண்டு ஆட்சியுரிமையின் கேள்வியாக மாறிய இடம் அது.

லயத்துப் பெட்டிகளின் பக்கம்

நம் பாட்டன்மார் கடல் கடந்து வந்த டிரங்குப் பெட்டிகளில் இருந்தவை பெரும்பாலும் கையால் செய்த பூட்டுகள். திண்டுக்கல் பூட்டு, மாங்காய்ப் பூட்டு என்று பெயர் போனவை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திறப்பு கையால் அராவியதால் படிகள் கொஞ்சம் கோணலாக இருக்கும். அந்தக் கோணல்தான் அடையாளம். தெற்காசியாவில் இன்னும் இரண்டு விசித்திர வகை உண்டு. ஒன்று திருகாணித் திறப்பு: நுனியில் மரை, சுற்றச் சுற்றத் தாழை இழுக்கும். மற்றது தள்ளு திறப்பு: சுழலவே சுழலாது, நேராக உள்ளே தள்ளினால் விரிந்து நிற்கும் தகடுகளை அமுக்கி விடுவிக்கும். இவை பூட்டோடு சேர்ந்து கிடைத்தால் மதிப்பு, தனியே கிடைத்தால் ஆணி என்று நினைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள்.

போலியைப் பிடிப்பது

அலங்காரத்துக்கென்று வார்த்த "பழைய" திறப்புகள் சந்தையில் நிறைய. ஏமாறாமல் இருக்க:

1. தண்டின் நீளத்துக்கு மெல்லிய கோடு ஓடினால் அது அச்சில் வார்த்தது. ஆனால் வார்த்த திறப்பெல்லாம் போலியல்ல, பல்லில் அரம் பட்ட அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டுக்குப் பொருந்த வேண்டிய திறப்பை யாராவது கடைசியில் அராவியே தீர வேண்டும்.
2. பல்லில் காடியோ படியோ இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். வெட்டப்படாத கச்சாத் திறப்பாகவும் இருக்கலாம், அலங்காரமாகவும் இருக்கலாம்.
3. தேய்மானம் இடம் பார்த்து விழும். தலையின் உள்வளையம், பல்லின் ஓரம், குழாயின் வாய். எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் துரு என்றால் அமிலத்தில் குளித்திருக்கிறது.
4. பித்தளை என்று விற்பதில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு.

கிடைத்த திறப்பைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைக்கும் ஆசை வரும். வேண்டாம். அரத்தின் தடமும் தேய்மானமும் அந்தத் தேய்ப்பிலேயே போய்விடும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, காயவைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு வைத்தால் போதும். நுவரெலியா ஈரத்துக்கு அது அவசியம்.

சட்டம்

வாங்குபவர் பலர் மறப்பது இது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஐ, அதாவது கண்டி உடன்படிக்கை நாளை, ஓர் எல்லையாக வைக்கிறது. அதற்கு முந்திய உலோகக் கைவினைப் பொருட்கள் தொல்பொருள் கணக்கில் வரும். பங்களா டின்னில் உள்ள விக்டோரியா காலத்து அலுமாரித் திறப்புக்கு இந்த எல்லையால் தொல்லை இல்லை. ஆனால் கண்டி அரசு காலத்து விகாரைக் கதவின் பித்தளை பதித்த இரும்புத் திறப்பு என்றால் கதை வேறு. மண்ணைத் தோண்டி எடுத்ததை வைத்துக்கொள்ளவும் முடியாது, அறிவிக்க வேண்டும். கலாசாரச் சொத்துகளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டுச் சட்டம். "ராஜா காலத்துச் சாவி" என்று பெருமையாக விளம்பரம் போடுகிறவர், அது உண்மையானால் தன்னையே மாட்டிவிடுகிறார்.

இன்னும் ஒன்று. திறப்பை அடையாளம் காண உதவி கேட்டுப் படம் போடும்போது பல்லின் இரு பக்கமும், தண்டின் வாயும் தெரிய, பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து எடுத்தால்தான் தெரிந்தவர் எதையாவது சொல்ல முடியும். ஆனால் அந்தப் பங்களாவின் கதவோ பெட்டியோ இன்னும் அதே பூட்டோடு நிற்கிறதென்றால் படத்தை வெளியே விடாதீர்கள். நல்ல கைகாரர் ஒருவருக்குப் பல்லின் தெளிவான படம் ஒன்றே போதும், மறுதிறப்பு அராவிவிடுவார்.